நம்பிக்கையில் முதல் அடி யாருடையது?

பங்கின் பொன்விழாவையொட்டி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று நடைபெற்ற உழைப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை

 

மே முதல் நாளை உலகத் தொழிலாளர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடி வந்த வேளையில், 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் திருநாளும் நம் பங்கின் பொன்விழாவும் சேர்ந்து வந்திருக்கும் இவ்வேளையில், வேலை செய்யும் இடத்தில் மேலாளர் தம் கீழ் உள்ளவர்களின் நம்பிக்கையை எவ்வாறு பெறுவது என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் எளிதான தலைப்பன்று. இம்மண்டபத்தில் ஆணையிடுவோரும் இருக்கிறோம், ஆணைக்குக் கீழ்ப்படிவோரும் இருக்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், நம்மில் பலர் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கிறோம். ஆலை மேஸ்திரிக்கு மேலே மேலாளர் இருக்கிறார், கீழே முப்பது பேர் இருக்கிறார்கள். தலைமையாசிரியைக்கு மேலே தாளாளர், கீழே ஆசிரியைகள். இரண்டு பையன்களை வைத்துத் தையற்கடை நடத்துபவரும் ஒரு நிர்வாகிதான். வீட்டில் பாத்திரம் துலக்க ஓர் அம்மா வருகிறார் என்றால், அந்தச் சமையலறையும் ஒரு தொழிற்கூடந்தான். எனவே இது யாரோ சில பெரிய மனிதர்களுக்கான பேச்சு என்று யாரும் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

முதலில் நம் பேச்சு வழக்கையே சற்றுக் கவனிப்போம். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லுகிறோம். அதே 'விசுவாசம்' என்ற சொல்லைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டு போனால் என்ன பொருள் கொள்கிறது? 'விசுவாசமான வேலைக்காரன்' என்கிறோம். 'எஜமான விசுவாசம்' என்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்கிறோம். எல்லாம் கீழிருந்து மேலே போகும் விசுவாசம். 'விசுவாசமான முதலாளி' என்று யாரையாவது சொல்லக் கேட்டிருக்கிறோமா? 'நல்ல முதலாளி' என்போம், 'தாராள மனசுக்காரர்' என்போம். தம் தொழிலாளிக்கு விசுவாசமாக இருப்பவர் என்று சொல்ல நாக்கு வருவதில்லை. நம்பிக்கையைக் காட்ட வேண்டியவன் தொழிலாளி, அதை அளந்து பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியவர் மேலாளர் என்றொரு வழக்கம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மேலாளர் ஒரு தொழிலாளியை நம்பி ஏமாந்துபோனால் அவருக்கு என்ன நட்டம்? ஒரு நாள் உற்பத்தி குறையும். ஒரு பெட்டி சரக்கு கெடும். மேலிடத்தில் கொஞ்சம் பேச்சு வாங்குவார். ஒரு தொழிலாளி மேலாளரை நம்பி ஏமாந்தால்? 'இந்த மாதம் பொறுத்துக்கொள், அடுத்த மாதம் சரி செய்கிறேன்' என்ற சொல்லை நம்பினவன் வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட முடிவதில்லை. 'இயந்திரம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது' என்ற சொல்லை நம்பினவனுக்கு விரல் போய்விடுகிறது. ஆக, நம்புவதால் அதிகம் இழக்கக்கூடியவன் கீழே இருப்பவன். அவனே முதலில் நம்ப வேண்டும் என்று கேட்பது நியாயமாகுமா? வலிமை உள்ளவர்தாம் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். வெறும் இனிய சொல்லால் வைக்கும் அடியும் போதாது. தம்மைக் கீழே இருப்பவர்கள் சரிபார்க்க இடம் கொடுக்கிற அடியாக அது இருக்க வேண்டும். நாம் இன்று சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான்.

ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்டத்து உவமையை எடுத்துக்கொள்வோம். காலை முதல் உழைத்தவருக்கும் கடைசி மணி நேரம் வந்தவருக்கும் ஒரே கூலி. இறைவனின் தாராளத்தைக் குறித்து இதில் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். தொழிற்கூடத்தின் கண்ணோடு பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. தோட்டத்து உரிமையாளர் முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர்களும் பேசின கூலி கைக்கு வந்தது என்று மகிழ்ச்சியோடு போயிருப்பார்கள், சச்சரவே வந்திராது. அப்படிச் செய்யாமல், கடைசியில் வந்தவர்களிடமிருந்து தொடங்கும்படி மேற்பார்வையாளரிடம் சொல்லுகிறார். எல்லாரும் பார்க்கும்படி பட்டுவாடா நடக்கிறது. முணுமுணுப்பு எழுகிறது. அந்த முணுமுணுப்புக்கு அவர் ஆள் அனுப்பிப் பதில் சொல்லவில்லை. முணுமுணுத்தவனைத் தோழரே என்று அழைத்து, பேசின கூலியை நினைவூட்டி, நேருக்கு நேர் விளக்கம் தருகிறார். அவர் முடிவை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். மறைவில் ஏதோ நடந்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. உறைக்குள் வைத்து ஒட்டி, 'அடுத்தவனிடம் சொல்லாதே' என்று காதோடு சொல்லிக் கொடுக்கும் சம்பள உயர்வுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நம் மாநிலத்து வரலாற்றிலேயே இதற்கொரு கசப்பான பாடம் உண்டு. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரு ஆலைகள் இருந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி என்று அக்காலத்து நலத் திட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஆலைகள் அவை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் உள்ளே வேலை செய்தவர்களுக்கு நண்பகல் உணவுக்கு விட்ட நேரம் போதவில்லை. மேற்பார்வையாளர்கள் கைநீட்டி அடித்தார்கள். இவற்றை அவர்கள் எங்கே போய்ச் சொன்னார்கள்? மேலாளர் அறையில் சொல்லவில்லை. ஆலைக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் இராமாநுசலு நாயுடுவிடமும் சொன்னார்கள். அவ்விருவரும் பக்திச் சொற்பொழிவுகள் நடத்தும் ஒரு சபையை அங்கே நடத்தி வந்தவர்கள். அவர்கள் அன்னிபெசன்ட் அம்மையாரின் தோழரான பி.பி. வாடியாவை நாடினார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அவர்களும் அதில் முன்னின்று உழைத்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைப் போற்றுகிறோம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த நிர்வாகத்துக்கு, தன் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பது கடைக்காரர் மூலம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகே தெரிய வந்தது. குறை சொல்லும் இடம் ஆலைக்கு வெளியே போய்விட்டது என்றால், ஆலைக்குள் நம்பிக்கை செத்துவிட்டது என்று பொருள். நிர்வாகம் அப்போதாவது சங்கத்தை அழைத்துப் பேசியிருக்கலாம். நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள்மீது தடையாணை வாங்கியது. 1921-இல் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளரிடையே சாதிப் பிளவு முற்றி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மேலும் கீழும் உடைந்த நம்பிக்கை, பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு இடையிலும் உடைந்தது. அந்தத் தடையாணை எழுப்பிய கேள்விகளின் விளைவாகவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்பது வரலாறு. சட்டம் வந்தது நல்லதுதான். போன உயிர்கள் திரும்பவில்லை.

நலத் திட்டம் வேறு, நம்பிக்கை வேறு என்பதை இன்னொரு ஆலையிலும் காணலாம். அது பிரான்சு நாட்டில், ரேம்ஸ் நகருக்கு அருகே வால்-தெ-புவா என்னும் இடத்தில் இருந்த கம்பளி நூற்பாலை. அதன் உரிமையாளர் லெயோன் ஆர்மேல் 1829-இல் பிறந்தவர், பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். 1854-இல் தந்தையிடமிருந்து ஆலைப் பொறுப்பை ஏற்றார். ஆலைக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார். தொழிலாளர் அவரை 'நல்ல தந்தை' என்று அழைத்தார்கள். ஆலயம், பள்ளி, வீடுகள், சேமிப்பு நிதி என்று எல்லாம் செய்தார்.

இதோடு நின்றிருந்தால் அவரும் தாராள மனசுக்காரர்களின் பட்டியலில் ஒருவராக மறக்கப்பட்டிருப்பார். தொழிலாளிக்காக எதைச் செய்தாலும், அதைத் தொழிலாளியைக் கொண்டும் அவனோடு கூடியும் செய்ய வேண்டும், அவனை ஒதுக்கிவிட்டுச் செய்யக் கூடாது என்பதை அவர் கொள்கையாக ஏற்றார். சங்கங்களைத் தொழிலாளரே தேர்ந்தெடுத்தவர்கள் நடத்தினார்கள். பிறகு ஆலை மன்றம் ஒன்று அமைந்தது. தொழிலாளரின் பிரதிநிதிகள் உரிமையாளரோடு ஒரே மேசையில் அமர்ந்து கூலி, விபத்துத் தடுப்பு, ஒழுங்குமுறை ஆகியவற்றைப் பேசினார்கள். தொழிலாளி வாயைத் திறந்தாலே புரட்சி என்று அஞ்சிய காலம் அது. வடபிரான்சின் கத்தோலிக்க ஆலை முதலாளிகளே ஆர்மேலின் இந்தப் போக்கை ஆபத்தானது என்று எதிர்த்தார்கள். பெரிய குருக்களுக்கு நன்கொடை கொடுத்தவர்கள்தாம் அவர்களும் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆர்மேல் தொழிலாளரை உரோமைக்குத் திருப்பயணமாக அழைத்துச் சென்றார். 1889-இல் சென்றவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களை நேரில் கண்ட திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் (இன்று நாம் லியோ என்று எழுதுகிறோம், நம் பாட்டனார் காலத்தில் சிங்கராயர்தான்) 1891 மே 15-ஆம் நாள் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான கூலி, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைத் திருச்சபை உரக்கச் சொன்ன மடல் அது. 2025 மே 8-ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, தாம் 14-ஆம் லியோ என்ற பெயரைக் கொண்டதற்கு அந்த மடலையே முக்கியக் காரணமாகக் கூறினார். ஒரு நூற்பாலையிலிருந்து புறப்பட்ட பாதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்.

ஆர்மேலின் ஆலையிலும் குறையில்லாமல் இல்லை. மன்றம் பேசியது, கடைசி முடிவு உரிமையாளர் கையில்தான் இருந்தது. இன்றைய தொழிற்சங்கத்தார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனாலும் முதல் அடி அவரிடமிருந்து வந்தது.

'இதெல்லாம் புண்ணியவான்களின் கதை, வியாபாரத்துக்கு ஒத்து வருமா?' என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது நமக்குத் தெரிகிறது. அப்படியானால் பக்திக்கும் இதற்கும் தொடர்பே இல்லாத ஒரு கார் தொழிற்சாலைக்குப் போவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபிரிமான்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தொழிற்சாலை நடத்தி வந்தது. ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் அங்கே சாதாரணம். திடீர் வேலைநிறுத்தங்கள், ஆயிரக்கணக்கில் தீராத புகார்கள், செய்த காரில் ஏராளமான குறைகள். 1982-இல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதை மீண்டும் திறந்தன. நிர்வாகப் பொறுப்பை டொயோட்டா ஏற்றது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே சங்கத்தார். வெறும் சோம்பேறிகள், கலகக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்.

புதிய நிர்வாகம் என்ன செய்தது? வேலை நடக்கும் வரிசையின் நெடுகிலும் ஒரு கயிறு கட்டியது. குறை ஏதாவது கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். கையோடு சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். பழைய நிர்வாகத்தில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். ஒரு நிமிடம் நின்றாலும் எவ்வளவு பணம் போகும் என்று கணக்குச் சொல்லுவார்கள். அந்த அதிகாரத்தைத்தான் நேற்றுவரை 'நம்பத்தகாதவன்' என்று பெயர் வாங்கியவன் கையில் கொடுத்தார்கள். அதோடு மேலாளர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை இல்லை, கார் நிறுத்தத் தனி இடம் இல்லை. விற்பனை குறைந்தால் முதலில் மேலாளர் சம்பளத்தைக் குறைப்போம், வேறு வழியே இல்லாவிட்டாலொழிய ஆட்குறைப்புச் செய்ய மாட்டோம் என்று சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

எழுதியது சோதனைக்கு உள்ளானது. 1988-இல் விற்பனை படுத்து, ஆலையின் திறனில் 60 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேலை இருந்தது. அப்போது யாரையும் வெளியே அனுப்பவில்லை. பயிற்சி வகுப்புகளுக்கும் ஆலையில் பிற வேலைகளுக்கும் அவர்களைத் திருப்பினார்கள். அன்றுதான் தொழிலாளர்கள் அந்த எழுத்தை உண்மையென்று நம்பினார்கள். வருகை சீரானது, குறைகள் அருகின, அந்நாட்டின் சிறந்த கார் ஆலைகளில் ஒன்றென அது பேசப்பட்டது. ஆட்கள் மாறவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

அதே ஆலை 2010-இல் மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்திய ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொண்டது. தொலைதூர இயக்குநர்களின் முடிவுக்கு முன்னால் கயிறு இழுக்கும் உரிமை எடுபடவில்லை. ஓர் ஆலையின் மேலாளர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவர் வாக்களிக்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொழிலாளரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவதும் நேர்மையின் ஒரு பகுதியே.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பஞ்சாலைகளிலும் அச்சகங்களிலும் கடைகளிலும் நம்பிக்கை பெரும்பாலும் பெரிய துரோகங்களால் போவதில்லை. 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லால் போகிறது. விடுப்புக் கேட்டால் பார்க்கலாம், சம்பள உயர்வு கேட்டால் பார்க்கலாம், மின்விசிறி கேட்டால் பார்க்கலாம். முடியாது என்று காரணத்தோடு சொன்னால் அவன் இரண்டு நாள் கோபமாக இருப்பான், பிறகு வேறு வழி தேடுவான். பார்க்கலாம் என்றால் இரண்டு வருடம் காத்திருப்பான், அதன் பிறகு நாம் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டான்.

இரண்டாவது, கணக்கு. ஓவர்டைம் எத்தனை மணி என்பதைத் தொழிலாளி தன் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்திருப்பான். அலுவலகப் பதிவேட்டில் வேறொரு கணக்கு இருக்கும். வருங்கால வைப்பு நிதிக்குச் சம்பளத்தில் பிடித்த தொகை உரிய இடத்தில் கட்டப்பட்டதா என்பது அவனுக்குத் தெரியாது. போனசு நேரத்தில் 'இந்த ஆண்டு லாபம் இல்லை, குறைந்தபட்சம் 8.33 விழுக்காடுதான்' என்று சொல்லப்படும். அதே மாதம் முதலாளி வீட்டில் புதுக் கார் வந்து நிற்கும். ஒருவேளை லாபம் உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம், கார் கடனில் வாங்கியதாக இருக்கலாம். கணக்கைக் காட்டாதவரை அதை யார் நம்புவார்கள்? சம்பளச் சீட்டை ஒழுங்காகத் தமிழில் அச்சடித்துக் கொடுப்பதும், பிடித்தம் ஒவ்வொன்றும் ஏன் என்று அதில் எழுதுவதும் பத்து நல்லுரைகளைவிட அதிக வேலை செய்யும். சில முதலாளிகள் தொழிலாளி மகள் திருமணத்துக்கு மோதிரம் போடுவார்கள், வைப்பு நிதி மட்டும் கட்ட மாட்டார்கள். மோதிரத்துக்கு அவன் கைகூப்ப வேண்டும். வைப்பு நிதிக்குக் கைகூப்ப வேண்டியதில்லை, அது அவனுடையது. கைகூப்ப வைக்கும் கொடையைக் கொடுக்க ஆசையும், உரிமையானதைக் கொடுக்கத் தயக்கமும் ஏன் என்பதைத் தனியே ஒரு நாள் சிந்திக்கலாம்.

மூன்றாவதாக ஒற்றர்கள். 'யார் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குச் சொல்' என்று ஒருவனைக் காதாக வைத்துக்கொள்ளாத மேலாளர் அரிது. அந்த ஒருவன் சொந்தச் சாதிக்காரனாகவோ, சொந்த ஊர்க்காரனாகவோ, நம் கோயிலுக்கு வருபவனாகவோ இருப்பான். இதனால் மேலாளர் பல செய்திகளை அறிகிறார், ஆனால் அதன் பிறகு யாரும் அவரிடம் நேரில் எதையும் சொல்வதில்லை. பெரம்பூரில் கடைக்காரரிடம் போன பேச்சு இப்போது நம் பட்டறையிலும் தேநீர்க் கடைக்குப் போய்விடும். கண்டிக்க வேண்டியதைத் தனியே அழைத்துக் கண்டிப்பதும், பாராட்ட வேண்டியதைப் பலர் முன் பாராட்டுவதும் நாம் எல்லாரும் அறிந்ததே. அதை விளக்கத் தேவையில்லை.

'எல்லாம் சரி, தொழிலாளி மட்டும் யோக்கியனா?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேலை நேரத்தில் உறங்குபவன் உண்டு, சரக்கைத் தூக்குபவன் உண்டு, சங்கப் பதவியை வைத்துக்கொண்டு வேலையே செய்யாதவனும் உண்டு. தவறு செய்தவனை விசாரித்துத் தண்டிப்பதால் நம்பிக்கை குலைவதில்லை. பத்துப் பேரில் ஒருவன் திருடினான் என்று பத்துப் பேரையும் வாசலில் தடவிப் பார்த்து அனுப்புவதால்தான் குலைகிறது. அதே வாசலில் மேலாளரின் பையையும் திறந்து பார்க்கும் ஆலைகள் உண்டு. அங்கே சோதனைக்கு நிற்பதில் யாருக்கும் வருத்தம் இருப்பதில்லை.

இக்காலத்தில் புதியதொரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. நேரடி வேலையாள் குறைந்து, ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிவிட்டார்கள். ஒரே இயந்திரத்தில் இருவர் நிற்கிறார்கள். ஒருவருக்கு ஆலையின் அடையாள அட்டை, மற்றவருக்குக் காண்டிராக்டரின் சீட்டு. கூலி வரவில்லையே என்று கேட்டால், மேலாளர் காண்டிராக்டரைக் காட்டுகிறார், காண்டிராக்டர் 'கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை' என்கிறார். நம் பிள்ளைகளில் சிலர் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மேலாளரின் முகமே கிடையாது, கைப்பேசிதான் ஆணையிடுகிறது, தண்டமும் விதிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் (நம் நாட்டில் அருள் சின்னப்பர் என்று அழைத்தோம்) 1981-இல் எழுதிய 'லபோரெம் எக்சேர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலில் நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று இருவரைப் பிரித்துக் காட்டினார். கூலி கொடுக்கும் கை ஒன்றாக இருந்தாலும், அந்தக் கூலி எவ்வளவு என்று முடிவு செய்யும் கைகள் பல இருக்கின்றன, அவற்றுக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. நம்மில் ஒப்பந்தப் பத்திரங்களில் கையெழுத்திடும் நிலையில் இருப்பவர்கள், ஒப்பந்தத் தொகையில் கூலி என்ன, வைப்பு நிதி என்ன, காண்டிராக்டரின் பங்கு என்ன என்று பிரித்து எழுதி, அந்தத் தாளை வாசலில் ஒட்டச் சொன்னால் போதும். சட்டம் படித்தவர்கள் வேறு வழிகளும் சொல்லுவார்கள்.

இறுதியாக ஒன்று. பொன்விழா மலரில் இதைச் சேர்க்கலாமா என்று விழாக் குழுவினர் சற்று யோசிப்பார்கள். சேர்ப்பார்கள் என்றே நம்புகிறோம்.

1971-இல் உரோமையில் கூடிய உலக ஆயர் மாமன்றம் 'உலகில் நீதி' என்னும் ஏட்டை வெளியிட்டது. நீதியைப் பற்றிப் பிறருக்குப் போதிப்பவர் முதலில் அவர்கள் கண்ணில் நீதி உள்ளவராக இருக்க வேண்டும் என்றும், திருச்சபைக்காக உழைப்போருக்குப் போதுமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. அப்படியானால் பங்கும் ஒரு வேலை தரும் இடம். காலை ஐந்து மணிக்கு எழுந்து மணியடித்து, பீடத்தை ஆயத்தம் செய்து, இரவு கதவு பூட்டும் கோயில்பிள்ளை இருக்கிறார். நோயாளிகள் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் முதலில் போய் நிற்கும் உபதேசியார் இருக்கிறார். பாலர் பள்ளி ஆயா, குருமனைச் சமையற்காரர், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்கள் செய்வதை 'வேலை' என்று சொல்லாமல் 'ஊழியம்' என்கிறோம். அழகிய சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சம்பளம் சிறுத்துப் போய்விடக் கூடாது. நோய்வாய்ப்பட்டால் என்ன, முதுமையில் என்ன, வார விடுப்பு எந்த நாள் என்பவை யாருடைய நல்ல மனத்தையும் நம்பி நிற்காமல் எழுத்தில் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டில் ஆலய கோபுரத்துக்கு எவ்வளவு, தேருக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு இந்த மலரில் வருகிறது. மணியடித்தவர்களுக்கு எவ்வளவு என்ற வரியும் அதில் இடம்பெறத் தக்கதே.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஆண்டுக் கணக்கு வாசிக்கும்போது, பங்கில் சம்பளம் பெறுவோர் அனைவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோம். அவர்கள் பெறும் ஊதியம், வைப்பு நிதி, விடுப்பு ஆகியவற்றை வெளிப்படையாக வாசிப்போம். வாசித்த பிறகு பேரவை உறுப்பினர்கள் பேசுவதற்கு முன்னால் அவர்களைப் பேசச் சொல்லுவோம். முதல் கூட்டத்தில் அவர்கள் ஒன்றும் பேசாமல் இருக்கலாம், 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி' என்று சொல்லிவிட்டு அமரலாம். இரண்டாம் கூட்டத்துக்கும் அழைப்போம், மூன்றாம் கூட்டத்துக்கும் அழைப்போம். கூட்டம் மாலைத் திருப்பலிக்குப் பிறகு என்றால், கோயில்பிள்ளை மெழுகுவர்த்தியெல்லாம் அணைத்து, கதவைப் பூட்டி வந்து சேரும்வரை தொடங்காமல் காத்திருப்போம்.